பட்டமும் வட்டியும்: கல்விக் கடனை விளங்கிக்கொள்வோம்



"மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது. கட்டணத்துக்கு அரசாங்கம் கடன் தருகிறது. ஆனால் அதற்கு வட்டி உண்டு. என்ன செய்வது?" இங்கிலாந்தில் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. நம் நாட்டிலிருந்து சென்று அங்கே குடியுரிமை பெற்ற குடும்பங்களும் இதற்கு விலக்கானவை அல்ல. பதில் தேடி அவர்கள் இங்குள்ள மாமாவுக்கும் சாச்சாவுக்கும் தொலைபேசி எடுக்கிறார்கள். இங்குள்ளவர்களோ, "எல்லாரும்தானே எடுக்கிறார்கள், நீங்களும் எடுங்கள்" என்கிறார்கள். அல்லது "ஹராம், அப்படியொரு படிப்பே வேண்டாம்" என்று முடித்துவிடுகிறார்கள். இவ்விரண்டு பதில்களும் பெரும்பாலும் அந்தக் கடன் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமலேயே சொல்லப்படுகின்றன. ஆகவே மார்க்கத் தீர்ப்பைப் பற்றிப் பேசுமுன் அந்தக் கடனைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் உள்நாட்டு மாணவர்கள் கட்டணம் செலுத்தாமலேயே பல்கலைக்கழகத்தில் கற்றார்கள். 1998ஆம் ஆண்டில் முதன்முதலாக ஆண்டுக்கு 1,000 பவுண் கட்டணம் விதிக்கப்பட்டது. 2006இல் அது 3,000 பவுண் வரை உயர்ந்தது. 2012இல் ஒரே தாவலில் 9,000 பவுணை எட்டியது. 2017இல் 9,250, 2025இல் 9,535 என்று அது மேலும் ஏறியது. (இது இங்கிலாந்தின் நிலை. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மாணவர்கள் தம் நாட்டிலேயே முதற் பட்டம் பயின்றால் கட்டணம் கிடையாது. ஒரே அரசின் கீழ் இப்படி இரண்டு வழக்கங்கள் இருப்பது யோசிக்க வேண்டிய விடயம்தான்.) கட்டணத்துக்கு மேலாக, தங்குமிடத்துக்கும் உணவுக்கும் வாழ்க்கைச் செலவுக் கடன் என்று இன்னொன்றும் உண்டு. வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னர் இச்செலவின் ஒரு பகுதி திருப்பிச் செலுத்த வேண்டாத மானியமாகவே வழங்கப்பட்டு வந்தது. 2016இல் புதிய மாணவர்களுக்கு அம்மானியம் நிறுத்தப்பட்டு, அதுவும் கடனாக மாற்றப்பட்டது. அதன் விளைவு விசித்திரமானது. வீட்டில் வசதி குறைந்த பிள்ளைக்குக் கூடுதலான கடன் கிடைக்கும். ஆகவே பட்டம் பெறும்போது அதே பிள்ளைதான் கூடுதலான கடனைச் சுமந்து வெளியே வரும். இன்று அங்கு படிப்பை முடிக்கும் ஒரு மாணவரின் சராசரிக் கடன் 50,000 பவுண் அளவில் நிற்கிறது.

இனி வட்டிக்கு வருவோம். 2012 முதல் 2023 கோடை வரை படிப்பைத் தொடங்கியவர்களின் கடன், இரண்டாம் திட்டம் என்று அழைக்கப்படுகிறது. கடன் பணத்தின் முதல் தவணை செலுத்தப்பட்ட நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. மாணவர் இன்னும் ஒரு சதமும் உழைக்கவில்லை. விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆயினும் கடன் வளர்கிறது. அந்நாட்டின் சில்லறை விலைச் சுட்டெண் காட்டும் விலையேற்ற வீதத்தோடு மேலும் 3 வீதத்தைக் கூட்டி, படிக்கும் காலத்து வட்டியாக விதித்தார்கள். 2022இல் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியபோது, இந்தச் சூத்திரத்தின்படி அது 12 வீதமாக வர வேண்டியிருந்தது. அரசாங்கமே தலையிட்டு, அந்த செப்டெம்பரில் 6.3 வீதமாக வரம்பிட்டது.

பட்டம் பெற்ற பின் நடப்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். 50,000 பவுண் கடனுடன் வெளிவந்த ஒருவர் ஆண்டுக்கு 35,000 பவுண் சம்பளம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 வரியாண்டில் இவ்வகைக் கடனுக்கான வருமான எல்லை 28,470 பவுண். அந்த எல்லைக்கு மேற்பட்ட தொகையில் 9 வீதத்தை, வருமான வரியைப் போலவே, சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 588 பவுண். ஆனால் வட்டியோ? அவருடைய வருமான மட்டத்துக்கு வட்டி சுமார் 4 வீதம் வருகிறது. 50,000க்கு 4 வீதம் 2,000 பவுண். செலுத்தியது 588, கூடியது 2,000. ஒரு வருடம் ஒழுங்காகக் கழிபட்ட பின்னரும் அவருடைய கடன் ஏறத்தாழ 1,400 பவுண் அதிகரித்திருக்கும். வருடாந்தக் கடிதத்தைத் திறந்து பார்க்கும் இளைஞன் மனம் உடைந்து போவது இந்த இடத்தில்தான். கடனை அடைக்க அடைக்க அது பெருகுகிறது!

30 ஆண்டுகள் கழிந்த பின் எஞ்சிய தொகை தள்ளுபடி செய்யப்படும். கடனாளி மரணித்தாலும் தள்ளுபடிதான். வருமானம் எல்லைக்குக் கீழ் இருந்தால் ஒன்றும் செலுத்த வேண்டியதில்லை. இவை உண்மையில் சலுகைகளே, மறுப்பதற்கில்லை. ஆனாலும் சுமை யார் தலையில் விழுகிறது என்று கவனியுங்கள். செல்வந்தரின் பிள்ளைக்கு வாப்பாவே கட்டணத்தைக் கட்டிவிடுவதால் வட்டி என்ற பேச்சே எழுவதில்லை. மிக உயர்ந்த சம்பளம் பெறுபவர் விரைவிலேயே அடைத்துவிடுவார். மிகக் குறைந்த சம்பளக்காரர் செலுத்துவது சொற்பம். இடையில் நிற்கும் ஆசிரியர், தாதி, நடுத்தர உத்தியோகத்தர் ஆகியோர்தாம் வேலை செய்யும் காலத்தின் பெரும் பகுதியைச் செலுத்திச் செலுத்தியே கழிக்கிறார்கள்.

2023 ஆகஸ்டுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு ஐந்தாம் திட்டம் என்ற வேறொன்று வந்தது. இதில் அந்த மேலதிக 3 வீதம் இல்லை. விலையேற்ற வீதம் மட்டுமே வட்டி. வருமான எல்லை 25,000 பவுணாகக் குறைக்கப்பட்டது. தள்ளுபடிக்கான காலமோ 30 ஆண்டிலிருந்து 40 ஆண்டாக நீண்டது. 22 வயதில் செலுத்தத் தொடங்கும் ஒருவர் 62 வயதுவரை செலுத்த நேரிடலாம். பேரப்பிள்ளையைத் தூக்கும் வயதிலும் பல்கலைக்கழகக் கடன் சம்பளத்தில் கழிபடும்.

அன்பின் நேயர்களே! இப்போது மார்க்கத்தின் பக்கம் திரும்புவோம். வட்டி ஹராம் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. ஸூரதுல் பகராவின் இறுதிப் பகுதியில் அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்திருப்பதை அனைவரும் அறிவோம். கருத்து வேறுபாடு எழுவது, இங்கிலாந்தின் இக்கடன் அந்த வட்டியில் அடங்குமா, அடங்கினாலும் நிர்ப்பந்தம் காரணமாக எடுக்கலாமா என்பதில்தான். அந்நாட்டு ஆலிம்களில் ஒரு சாரார் கூடாது என்றே தீர்ப்பளிக்கின்றனர். கடன் கொடுத்து, கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருமாறு நிபந்தனை இடப்பட்டால் அதுவே வட்டி, கொடுப்பவர் அரசாங்கமா தனியாரா என்பது முக்கியமல்ல என்பது அவர்களது வாதம்.

இன்னொரு சாரார் மூன்று விதமாகப் பேசுகின்றனர். முதலாவது, இது பெயரளவில்தான் கடன், நடைமுறையில் பட்டதாரிகள் மீதான ஒரு வரி என்பது. வருமானத்துக்கேற்ப அறவிடப்படுவதும் மரணத்தோடு முடிவதும் வரியின் தன்மைகள் என்கிறார்கள். இவ்வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அரசாங்கம் 2017இலும் 2018இலும் பழைய மாணவர் கடன்களின் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டாளர்களுக்கு விற்றது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 2018 டிசெம்பரில் 3.9 பில்லியன் பவுண் பெறுமதியான கடன்கள் 1.9 பில்லியனுக்குக் கைமாறின. வரியை யாரும் சந்தையில் விற்பதில்லை. கடனைக் குறைந்த விலைக்கு விற்பது வேறாகவே நம் பிக்ஹு நூல்களில் ஆராயப்படும் ஒரு பிரச்சினையும் ஆகும். இவ்விற்பனைத் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது.

இரண்டாவது, புதிய திட்டத்தில் விலையேற்றம் மட்டுமே சேர்க்கப்படுவதால் உண்மையான கூடுதல் இல்லை என்பது. 100 பவுணில் இன்று வாங்கும் அரிசியைப் பத்தாண்டின் பின் 100 பவுணில் வாங்க முடியாது, ஆகவே பெறுமதியைச் சரிசெய்வது வட்டியாகாது என்று சொல்கிறார்கள். பெரும்பான்மையான சமகால அறிஞர்கள், பணத்தைப் பணமாகவே, எண்ணிக்கைக்கு எண்ணிக்கையாகவே திருப்ப வேண்டும் என்று கூறி இதனை ஏற்பதில்லை. அதற்கும் அப்பால் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கு பயன்படுத்தப்படும் சில்லறை விலைச் சுட்டெண் விலையேற்றத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்ற குறைக்கு உள்ளானது. 2013இலேயே அது தேசியப் புள்ளிவிபரம் என்ற தகுதியை இழந்தது. 2030இல் அதன் கணிப்பு முறையையே மாற்றத் தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே "விலையேற்றம் மாத்திரமே" என்ற சொல்லைக்கூட நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம் தேவை பற்றியது. முஸ்லிம் பிள்ளைகள் பட்டப்படிப்பைக் கைவிட்டால் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் அற்ற பலவீனமான சமூகமாக அவர்கள் ஆகிவிடுவார்கள் என்பதே இதன் சாரம். தேவையையும் நிர்ப்பந்தத்தையும் அளந்து சொல்வது ஒவ்வொருவரின் நிலையையும் அறிந்த ஆலிமின் வேலை. தன் நகரிலேயே, கடனின்றி வேறு வழியில் அதே தொழிலை அடைய முடிந்தவரின் நிலையும், வேறு வழியே இல்லாத வைத்திய மாணவியின் நிலையும் ஒன்றல்ல. இங்கிருந்துகொண்டு தொலைபேசியில் தீர்ப்பு வழங்கும் சாச்சாமார் இதை மனத்திற்கொள்வது நல்லது. அக்கடனை ஏற்கெனவே எடுத்துவிட்ட பிள்ளையைச் சபையில் பாவி என்று சுட்டுவதும் நம் பண்பாடாக இருக்க முடியாது.

அந்நாட்டு அரசாங்கத்துக்கு இந்த இக்கட்டு தெரியாதா? நன்றாகவே தெரியும். 2013 ஒக்டோபரில் லண்டனில் நடைபெற்ற உலக இஸ்லாமியப் பொருளாதார மன்றத்தில் அப்போதைய பிரதமர் டேவிட் கமரூன், மார்க்கத்தின் காரணமாக எந்த முஸ்லிமும் பல்கலைக்கழக வாய்ப்பை இழக்கக் கூடாது என்ற கருத்தில் உரையாற்றினார். 2014இல் இதுபற்றி மக்கள் கருத்துக் கேட்கப்பட்டபோது ஏறத்தாழ இருபதாயிரம் பேர் பதிலளித்தனர். தகாபுல் அடிப்படையிலான ஒரு திட்டமும் முன்மொழியப்பட்டது. மாணவர்களுக்கென ஒரு பொது நிதி இருக்கும். அதிலிருந்து கட்டணம் செலுத்தப்படும். பயன் பெற்றவர் பட்டம் பெற்ற பின், தமக்கு அடுத்து வருபவர்களுக்காக அந்நிதிக்குப் பங்களிப்புச் செய்வார். கடன் கொடுத்தவரும் இல்லை, வட்டி வாங்குபவரும் இல்லை. செலுத்தும் தொகை மற்ற மாணவர்கள் செலுத்துவதற்குச் சமமாகவே அமைய வேண்டும் என்றும் வகுத்தார்கள்.

"அதே பணத்தைத்தானே கட்டுகிறோம், பெயரை மாற்றி என்ன பயன்?" என்று சிலர் கேட்பதுண்டு. வியாபாரமும் வட்டியும் ஒன்றுதானே என்று அன்றைய மக்காவாசிகள் கேட்ட கேள்வியின் சாயல் இதில் இருக்கிறது. மார்க்கம் கைமாறும் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. உடன்படிக்கையின் தன்மையையும், இழப்பை யார் சுமக்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது.

இதற்கான சட்ட அதிகாரம் 2017ஆம் ஆண்டின் உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சிச் சட்டத்தில் வழங்கப்பட்டது. ஆனால் 2025ஆம் ஆண்டின் கல்வியாண்டு தொடங்கிய வேளையிலும் ஒரு மாணவருக்கேனும் அந்நிதி திறக்கப்பட்டிருக்கவில்லை. இதே அரசாங்கம் 2014 ஜூனில் 200 மில்லியன் பவுண் பெறுமதியான இஸ்லாமிய சுகூக் பத்திரத்தை வெளியிட்டு, மேற்குலகில் அவ்வாறு செய்த முதல் நாடு என்ற பெயரைத் தட்டிக்கொண்டது. முதலீட்டாளர்களுக்கான ஹலால் பத்திரம் அறிவிப்பு வந்து எட்டே மாதத்தில் வந்தது. 18 வயதுப் பிள்ளைகளுக்கான ஹலால் நிதிக்கு ஒரு தசாப்தமும் போதவில்லை. இதை அநீதி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அதுவரை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சிலர் வீட்டிலிருந்தே சென்றுவரக்கூடிய பல்கலைக்கழகத்தைத் தெரிந்து, வாழ்க்கைச் செலவுக் கடனையேனும் தவிர்க்கிறார்கள். சிலர் ஓரிரு வருடங்கள் வேலை செய்து பணம் சேர்த்துப் பின்னரே படிக்கிறார்கள். 2015இலிருந்து பட்டப்படிப்புடன் கூடிய தொழிற்பயிலுநர் முறை அங்கு நடைமுறையில் உள்ளது. தொழில் வழங்குநரே சம்பளமும் கொடுப்பார். கல்விக் கட்டணம் மாணவரின் கணக்கில் விழாது. பொறியியல், கணக்கியல், கணினித் துறைகளில் இது ஏற்ற வழி. இடங்கள் குறைவு, போட்டி கடுமை என்பது உண்மைதான். ஆனாலும் பெற்றோர் பலர் அப்படியொன்று இருப்பதையே அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இலங்கையில் வாழும் நமக்கு 1945இலிருந்து இலவசக் கல்வி என்ற பெரும் பேறு கிடைத்திருக்கிறது. அரச பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பிள்ளை கட்டணக் கடன் சுமக்க வேண்டியதில்லை. நுழைய முடியாத பிள்ளைகளின் பெற்றோரே வெளிநாட்டுப் படிப்பை நாடுகிறார்கள். இங்கிருந்து செல்லும் மாணவருக்கு மேற்கூறிய பிரித்தானிய அரசாங்கக் கடன் கிடைக்காது. வெளிநாட்டு மாணவருக்கான உயர்ந்த கட்டணத்தையே செலுத்த வேண்டும். ஆகவே வீட்டுக் காணியை ஈடு வைத்து இங்குள்ள வங்கியில் வட்டிக்குக் கடன் எடுக்கிறார்கள். அக்கடனுக்கு வருமான எல்லையும் இல்லை, முப்பது வருடத் தள்ளுபடியும் இல்லை. 2022இன் அனுபவம் நம் அனைவருக்கும் நினைவிருக்கும். சில வாரங்களுக்குள் பவுணின் விலை 270 ரூபா அளவிலிருந்து 400 ரூபாவைத் தாண்டியது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வீதத்தை ஒரே நாளில் 14.5 வீதமாக உயர்த்தியது. இரண்டாம் வருடக் கட்டணத்துக்காகக் காத்திருந்த எத்தனையோ பெற்றோர் இரு பக்கமும் நசுங்கினார்கள்.

2017இல் நம் அரசாங்கம் அரசு சாராப் பட்டப்படிப்பு நிறுவனங்களில் சேர்வோருக்கென வட்டியில்லா மாணவர் கடன் திட்டமொன்றை ஆரம்பித்தது. மாணவர் முதலை மட்டும் திருப்பிச் செலுத்த, வங்கிக்குரிய வட்டியை அரசாங்கம் ஏற்கும் அமைப்பு அது. மாணவரின் சுமை வெகுவாகக் குறைகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒப்பந்தத்தை முழுமையாக வாசியுங்கள். தவணை பிந்தினால் என்ன அறவிடப்படும், படிப்பை இடையில் நிறுத்தினால் வட்டி யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டறிந்து, நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் அதைக் காட்டிய பின்னரே கையெழுத்திடுங்கள்.

நம் வரலாற்றில் கல்விக்காக மாணவனைக் கடனாளியாக்கும் வழக்கம் இருக்கவில்லை. பத்ர் போரில் சிறைப்பட்டவர்களுள் பணமில்லாதவர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. 11ஆம் நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த நிழாமிய்யா மத்ரஸா வக்பு வருமானத்தில் இயங்கியது. நம் நாட்டில் 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா உருவானது மாணிக்க வியாபாரியான நளீம் ஹாஜியாரின் கொடையால். கடனோடு மரணித்தவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தத் தயங்கிய நபி (ஸல்) அவர்கள், பின்னர் வெற்றிகளின் மூலம் செல்வம் வந்தபோது, மரணித்த விசுவாசிகளின் கடனைத் தாமே பொறுப்பேற்றார்கள். தனி மனிதனின் கடன் சமூகத்தின் பொறுப்பாகவும் ஆனது அவ்வாறுதான். ஸகாத்தைப் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாருள் கடனாளியும் ஒருவர் என்பதை நம் பைத்துஸ் ஸகாத் நிருவாகிகள் அறிவார்கள். பட்டதாரிக் கடனாளியும் அந்த வரைவிலக்கணத்துள் வரலாமா என்பதை ஊர்தோறும் உலமாக்களோடு கலந்து தீர்மானிக்கலாம்.

இன்னும் எளிதானது குடும்பத்துக்குள்ளேயே வழங்கும் அழகிய கடன். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு தவணைக் கட்டணத்தை ஏற்றால் ஒரு பிள்ளையின் படிப்பு நிறைவேறும். ஆனால் உறவுக்குள் என்பதற்காக எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது. தொகை, நாணயம், திருப்பும் காலம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். ரூபாவில் கொடுத்துப் பவுணில் கேட்பதால் முறிந்த உறவுகள் ஏராளம்.

இங்கிலாந்தில் பட்டம் பெற்று, தொழிலுக்காக வளைகுடாவுக்கோ நம் நாட்டுக்கோ வரும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. நாட்டை விட்டு வந்ததும் அக்கடன் நின்றுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. வெளிநாட்டில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் மாணவர் கடன் நிறுவனத்துக்கு அறிவித்து, தம் வருமான விபரத்தையும் சமர்ப்பிக்க வேண்டும். வருமான எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடும்; வாழ்க்கைச் செலவு குறைந்த நாடுகளுக்கு அது இங்கிலாந்தினதைவிடக் குறைவாக இருக்கும். விபரம் அனுப்பாவிட்டால் வருமானத்தைப் பாராமலேயே மாதத் தொகை ஒன்றை விதித்து, செலுத்தாதவற்றை நிலுவையாகச் சேர்த்துவிடுவார்கள். விமானம் ஏறுமுன் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.